மூழ்கும் மரமும் மொட்டைக் கரையும்

ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்க ஊர்களின் தெருவோரங்களில் ஃபிர் மரங்களும் பைன் மரங்களும் சாய்ந்து கிடக்கும். பண்டிகை முடிந்துவிட்டது. நட்சத்திரமும் விளக்குச்சரமும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. மரத்தை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிச்சம். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி வரை நிஜ மரங்கள் அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்காக விற்பனையாகின்றன. ஆரிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களின் தோட்டங்களில் பல ஆண்டுகள் வளர்ந்த மரங்கள் அவை. வீட்டுக் கூடத்தில் சில வாரங்கள் நின்றதோடு அவற்றின் வேலை தீர்ந்துவிடுகிறது. பெரும்பகுதி இயந்திரத்தில் அரைபட்டு, பூங்காச் செடிகளுக்கு மூடாக்காகப் போகிறது. கொஞ்சம் குப்பை மேட்டுக்குப் போகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் ஏரியின் அடிக்குப் போகிறது.

கென்டக்கி மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை இதற்கு ‘மீன்களுக்குக் கிறிஸ்துமஸ்’ என்றே பெயர் வைத்து, ஆண்டுதோறும் மக்களிடமிருந்து மரங்களைச் சேகரிக்கிறது. மிசௌரி, அரிசோனா எனப் பல மாநிலங்களில் இதே வேலை வெவ்வேறு அளவில் நடக்கிறது. ஜரிகை தொங்கும் மரத்தையும் செயற்கைப் பனி தூவிய மரத்தையும் வாங்க மாட்டார்கள். சுத்தமான மரங்களை நாலைந்தாகச் சேர்த்து, அடிமரத்தில் கம்பியோ கயிறோ கட்டி, ஹாலோ பிளாக் கற்களைப் பாரமாகப் பிணைத்து, தட்டையான படகில் ஏற்றிக்கொண்டு போய்க் குறித்த இடத்தில் தள்ளிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் நீர்மட்டத்தைக் குறைக்கும் அணைகளில் படகுகூட வேண்டாம். வெளியே தெரியும் காய்ந்த படுகையிலேயே மரத்தைக் கட்டிவைத்துவிட்டு வரலாம். வடக்கே ஏரி உறைந்துபோகும் ஊர்களில் பனிக்கட்டியின் மேல் அடுக்கி வைக்கிறார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது கல்லும் மரமும் சேர்ந்து அமிழ்ந்துவிடும்.

சாரணச் சிறுவர்கள், ஓய்வுபெற்றவர்கள், தூண்டில் சங்கத்தார், துறை ஊழியர்கள் என்று ஊரே கூடிச் செய்யும் வேலை இது. நான் இதை மனதார ஆதரிக்கிறேன். அந்த ஆதரவோடுதான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஏரிக்குள் மரம் போடுவதை விழாவாகக் கொண்டாடும் ஒரு சமூகம், அதே ஏரியின் கரையில் தானாக விழும் மரத்தை அறுத்து அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. முதல் வேலை செய்தித்தாளில் படமாக வருகிறது. இரண்டாவது யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. மீனின் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது.

அணை கட்டிய பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் தெற்கிலும் மத்தியிலும் ‘ஏரி’ என்று பெயர் சூட்டப்பட்ட நீர்நிலைகளில் பெரும்பாலானவை இயற்கையான ஏரிகள் அல்ல. ராணுவப் பொறியாளர் படையும் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையமும் மின் நிறுவனங்களும் இருபதாம் நூற்றாண்டில் கட்டிய நீர்த்தேக்கங்கள். பள்ளத்தாக்கில் நீர் நிறைவதற்கு முன்பு அங்கே காடு இருந்தது. படகு ஓட்டுவதற்குத் தடையாகும் என்று பல இடங்களில் அந்தக் காட்டை வெட்டி எரித்துவிட்டார்கள். சில இடங்களில் அப்படியே மூழ்கவிட்டார்கள். மூழ்கிய காடு முதல் சில பத்தாண்டுகளுக்கு மீனுக்குச் சொர்க்கமாக இருந்தது. புதிதாக நிறைந்த அணையில் மீன் அள்ளி வரும் என்பது நம்மூர் அணைக்கட்டு மீனவர்களும் அறிந்ததுதான். மூழ்கிய செடி, கொடி, மண்ணின் சத்து எல்லாம் நீரில் கரைந்து உணவாகும் காலம் அது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஐம்பது, அறுபது, எண்பது வயதான நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரங்கள் மட்கிவிட்டன. ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து, கல்லும் வேரும் மேடும் பள்ளமுமாக இருந்த அடித்தளம் ஒரே சமமான சேறாகிவிட்டது. வெள்ளத் தடுப்புக்காகவும் மின்சாரத்துக்காகவும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதால் கரையோரத்தில் நீர்த்தாவரங்கள் வேர்பிடிக்க முடிவதில்லை. ஒரு மாதம் நீருக்கடியிலும் அடுத்த மாதம் வெயிலிலும் கிடக்கும் மண்ணில் எந்தச் செடி வளரும்? இயற்கையான ஏரி இப்படித் தவிப்பதில்லை. அதன் நீர்மட்டம் பருவத்தோடு மெல்ல ஏறி இறங்கும். அதன் கரையில் நிற்கும் மரம் கிழடாகிச் சாயும்போது நீருக்குள்தான் விழும். நீர்த்தேக்கத்துக்கு அப்படி மரம் கொடுக்கும் கரையும் பெரும்பாலும் இல்லை.

கொலராடோ ஆற்றில் 1938இல் கட்டி முடித்த பார்க்கர் அணையின் பின்னால் தேங்கும் ஹவாசு ஏரி இதற்கு நல்ல உதாரணம். சுற்றிலும் பாலைவனம். கரையில் மரமே இல்லை என்றால் நீருக்குள் எங்கிருந்து மரம் விழும்? 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகமும் மாநிலத் துறைகளும் தூண்டில்காரர் அமைப்பும் சேர்ந்து, அந்த ஏரியின் சிறு குடாக்களில் மறைவிடங்களை அமைக்கத் தொடங்கின. பிளாஸ்டிக் குழாய்களையும் வலைகளையும் கொண்டு செய்த அமைப்புகளோடு புதர்க் கட்டுகளும் உள்ளே போயின. புதர் மட்க மட்க, தன்னார்வலர்கள் புதிய கட்டுகளைப் போட்டுவருகிறார்கள். மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில் 2007இல் தொடங்கிய திட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட மரக்கட்டுகளும் கற்குவியல்களும் அடிமரக் கட்டைகளும் போடப்பட்டன. 1958இல் கட்டி முடித்த அந்த அணையில், மூழ்கிய காட்டின் எச்சம் மறைந்துபோனதுதான் அதற்குக் காரணம்.

கிளையில் தொடங்கும் சாப்பாடு

நீருக்குள் மரம் போனால் என்ன நடக்கிறது? மீன் ஒளிந்துகொள்ளும் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஒளிவது கதையின் பிற்பகுதி. அதற்கு முன்பே அந்தக் கிளைகளில் ஒரு சமையல் தொடங்கிவிடுகிறது.

மூழ்கிய சில நாட்களிலேயே கிளைகளின் மேல் வழுவழுப்பான ஒரு படலம் பிடிக்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்த படலம் அது. ஒளி எட்டும் ஆழத்தில் இருந்தால் பாசி செழிக்கும். பாசியை மேயப் புழுக்களும் நத்தைகளும் பூச்சிகளின் இளம்பருவங்களும் வரும். சேற்றில் இவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை, கிளையில் உண்டு. ஒரு ஃபிர் மரத்தில் எத்தனை சிறுகிளைகள், ஒவ்வொரு சிறுகிளையிலும் எத்தனை ஊசியிலைகள்! சில சதுர அடிச் சேற்றுத்தரையில் அந்த மரத்தை வைத்ததும் ஒட்டிக்கொள்ளும் பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. பூச்சியைத் தின்ன மீன்குஞ்சுகள் வரும். புளூகில், கிராப்பி என்று அங்கே சொல்லும் சிறு மீன்களின் குஞ்சுகளுக்கு அடர்ந்த கிளைகளின் இடுக்கு ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கூடமும் கோட்டையுமாகிறது. பெரிய பாஸ் மீன் உள்ளே நுழைய முடியாது. அது வெளி விளிம்பில், நிழலில், அசையாமல் காத்து நிற்கும். வெளியே வரும் குஞ்சுதான் அதற்கு இரை.

கிராப்பிக்கும் பாஸுக்கும் இன்னொரு தேவையும் உண்டு. வசந்தத்தில் நீர் இளஞ்சூடாகும்போது ஆண் மீன் கரையோரத்தில் தரையைத் துடைத்துக் கூடமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு ஆண்தான் காவல். பக்கத்தில் கட்டையோ கிளையோ இருந்தால் ஒரு பக்கம் அடைபட்ட வீடாகிவிடும், காவல் எளிதாகும். யெல்லோ பெர்ச் என்ற மீன் வேறு மாதிரி. அது முட்டைகளை நீண்ட பசைச்சரமாக வெளியேற்றிக் கிளைகளிலும் செடிகளிலும் சுற்றிவிடும். சேற்றில் விழுந்தால் அந்தச் சரம் மூச்சுமுட்டி அழியும்.

எங்கே போடுகிறோம் என்பதில் நுட்பம் இருக்கிறது. கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டும் கலக்காததால் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த எல்லைக்குக் கீழே போட்ட மரத்தில் கோடை முழுதும் ஒரு மீனும் அண்டாது. ரொம்ப மேலே போட்டால் நீர் இறங்கும்போது வெளியே துருத்திக்கொண்டு படகைக் கிழிக்கும். அதனால்தான் அனுமதியில்லாமல் தனியார் மரம் போடுவதைப் பல மாநிலங்கள் குற்றமாக வைத்திருக்கின்றன. கட்டு அவிழ்ந்து மிதக்கும் மரத்தால் மதகு அடைபடலாம். பாரமாகக் கட்டும் பொருள் நஞ்சாக இருக்கலாம்.

இதில் ஒரு குறையை மறைக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் மரம் இந்த வேலைக்கு ஆகச் சிறந்த மரம் அல்ல. மென்மரம், மெல்லிய கிளை. ஊசியிலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிடும். சில ஆண்டுகளில் சிறுகிளைகள் போய்த் தண்டு மட்டும் நிற்கும். ஓக், சிகப்பு சீடர் போன்றவை அதைவிட நெடுநாள் தாங்கும். கிறிஸ்துமஸ் மரத்தின் பலம் வேறு: இலவசமாக வருகிறது, ஒரே வாரத்தில் குவிகிறது, அடர்த்தியாக இருப்பதால் குஞ்சுகளுக்கு ஏற்றது. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயற்கை ஏரியில் விழும் பெருமரத்தின் கதை முற்றிலும் வேறு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஏரியின் கரையோரத்தில் கிடந்த வெள்ளைப் பைன் கட்டைகளின் வயதை மரவளையங்களைக் கொண்டு கணக்கிட்டு 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் பல, நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மரங்களுடையவை. ஐரோப்பியர் வந்து குடியேறும் முன்பே நின்ற மரம், இன்றைய மீன்குஞ்சுக்கு நிழல் தருகிறது.

லிட்டில் ராக் ஏரியில் கண்டது

மரம் இல்லாவிட்டால் உண்மையிலேயே மீன் குறையுமா, அல்லது இது தூண்டில்காரர்களின் நம்பிக்கை மட்டும்தானா? இதற்கு ஓரளவு தெளிவான விடை விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, லிட்டில் ராக் என்ற சிறிய ஏரியில் கிடைத்தது. அமில மழை ஆய்வுக்காக 1984இல் அந்த ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்த ஆய்வு முடிந்த பின்னர், ஒரே ஏரியின் இரு பாதிகள் ஆராய்ச்சியாளர்களுக்கு வாய்த்த அபூர்வமான சோதனைக்களமாயின. 2002இல் ஒரு பாதியின் கரையோரத்தில் கிடந்த கட்டைகளில் முக்கால் பங்கை வெளியே இழுத்துப்போட்டார்கள். மறுபாதியை அப்படியே விட்டார்கள்.

கட்டையை எடுத்த பாதியில் யெல்லோ பெர்ச் மீன் அனேகமாக அற்றுப்போகும் அளவுக்குக் குறைந்தது. ஒளிய இடமில்லாமல் பாஸ் மீனுக்கு இரையானது. முட்டைச் சரத்தைச் சுற்றக் கிளையில்லாமல் இனம் பெருகவும் இல்லை. இரை தீர்ந்த பின் பாஸ் மீனும் தப்பவில்லை. அதன் உணவில் மீன் குறைந்து, கரையிலிருந்து நீரில் தவறி விழும் சிற்றுயிர்கள் பெருகின. அதன் வளர்ச்சி மந்தமானது. கிரெக் சாஸும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் இதை வெளியிட்டார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் வாதத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் அதே மாநிலத்தில் வேறோர் ஏரிக்குள் நூற்றுக்கணக்கான மரங்களைப் போட்டுப் பார்த்தபோது, லிட்டில் ராக்கில் கண்ட அளவுக்குத் தலைகீழான பெரிய மாற்றம் சில ஆண்டுகளில் தெரியவில்லை. மரத்தை எடுத்தால் விளைவு வேகமாகவும் கடுமையாகவும் வருகிறது. மரத்தைச் சேர்த்தால் விளைவு மெதுவாக, நிச்சயமில்லாமல் வருகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துவைத்துப் படிக்கிற எவருக்கும் முதல் கடமை எது என்பது புரியும்: இருப்பதை எடுக்காமல் இருப்பது.

எடுப்பது யார்? விஸ்கான்சின், மிச்சிகன் வடபகுதியின் 16 ஏரிகளில் 1990களில் நடந்த கணக்கெடுப்பு இதைக் காட்டியது. காடு அப்படியே நிற்கும் கரைகளில் நீருக்குள் கட்டைகள் ஏராளம். விடுமுறை வீடுகள் கட்டிய கரைகளில் மிகவும் சொற்பம். வீடு வாங்கியவர் முதலில் செய்வது, கரையில் சாய்ந்த மரத்தை அறுத்து எடுப்பது. பிறகு புல்வெளி போடுவது. பிறகு படகுத்துறை. காட்சிக்குத் தடையாக இருக்கும் ஒன்றிரண்டு மரங்களையும் வெட்டிவிடுவார். ஒவ்வொருவரும் தன் நூறடிக் கரையைத்தான் சுத்தம் செய்கிறார். சேர்ந்து பார்த்தால் ஏரி முழுதும் மொட்டையாகிவிடுகிறது. கரை மரம் மறுபடி வளர்ந்து, முதிர்ந்து, விழ நூறாண்டுக்கு மேலாகும். அந்த நூறாண்டு இடைவெளியைத்தான் கிறிஸ்துமஸ் மரங்களால் நிரப்ப முயல்கிறோம்.

சேர்க்கிறதா, பெருக்குகிறதா?

மரம் போட்ட இடத்தில் மீன் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் அந்த மீன் அங்கே புதிதாகப் பெருகியதா, அல்லது ஏரியின் மற்ற இடங்களிலிருந்து வந்து கூடியதா? 1989இல் ஜேம்ஸ் போன்சாக் என்ற அமெரிக்க மீனியல் அறிஞர், கடலில் போடும் செயற்கைப் பார்களைப் பற்றி இந்தக் கேள்வியை எழுப்பினார். அன்று முதல் இந்த விவாதம் ஓயவில்லை. சிதறிக் கிடந்த மீன்களை ஓரிடத்தில் கூட்டிவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படகுக்கருவியில் ஏற்றிக்கொள்ளும்படி அரசுத் துறையே வெளியிட்டால் என்ன ஆகும்? மீன் பிடிபடுவது எளிதாகும். பிடித்ததை விட்டுவிடுபவர்களால் பெரிய கேடில்லை. கிராப்பியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் சமைக்கத்தான் பிடிக்கிறார்கள். மீன்வளத்தைப் பெருக்கப் போட்ட மரம், மீனைக் காலி செய்யும் பொறியாக மாறுவதற்கு இடமிருக்கிறது.

இப்படியொரு பொறியாகவே மரத்தைப் பயன்படுத்தும் பழைய தொழில்கள் உலகில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், நோகுவே ஏரியில் ‘அகாஜா’ என்ற முறையில் ஆயிரக்கணக்கான கிளைகளை நீருக்குள் நெருக்கமாக ஊன்றி, மாதக்கணக்கில் விட்டுவைத்து, பிறகு வலையால் வளைத்து மீனை எடுப்பார்கள். வங்கதேசத்து ஆறுகளில் ‘கத்தா’ என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளை ஊன்றி ‘மஸ் அத்து’ என்று செய்கிறார்கள். விளைச்சல் அபாரம், கிளைகளில் பாசி செழித்து உணவு பெருகுவது இவற்றில் ஆய்வாளர்கள் கண்ட உண்மை. ஆனால் பெனினில் கிளைக்காகக் கரைக் காடுகள் அழிந்தன. யார் எவ்வளவு நீர்ப்பரப்பை வளைப்பது என்று சண்டைகள் மூண்டன. நீர்கொழும்பில் இந்தத் தொழிலுக்காகவே கண்டல் மரங்களை நட்டு வளர்க்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். மரத்தை எங்கிருந்து எடுக்கிறோம், மீனை யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கும் ஊரில்தான் இந்த முறை நிலைக்கிறது. அமெரிக்கத் துறைகள் முதல் கேள்வியைக் கிறிஸ்துமஸ் மரத்தால் அழகாகத் தீர்த்துவிட்டன. இரண்டாவது கேள்வியில், மரக்கட்டுகளைச் சுற்றி மட்டுமாவது பிடிப்பு அளவைக் கண்காணிக்க வேண்டும். எல்லா இடங்களையும் வரைபடத்தில் காட்டாமல், கட்டுகளில் ஒரு பகுதியைக் குஞ்சுகளுக்கென்று மறைவாகவே விட்டுவைக்கலாம்.

கரைதான் முதல்

2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று, இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே அதிகம் யோசிக்க வைத்தது. லோயர் சாக்சனி மாநிலத்தில், சரளைக்கல் தோண்டிய குழிகள் நீர் நிரம்பி ஏரிகளாகியிருக்கின்றன. அங்குள்ள தூண்டில் சங்கங்களோடு கைகோத்து, யோஹான்னஸ் ராடிங்கர், ராபர்ட் ஆர்லிங்ஹாஸ் குழுவினர் 20 ஏரிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் மீன்குஞ்சு விட்டார்கள். சிலவற்றில் மரக்கிளைக் கட்டுகளைப் போட்டார்கள். சிலவற்றில் செங்குத்தான கரையை வெட்டிச் சரித்து, ஆழமற்ற நீர்ப்பரப்பை உருவாக்கினார்கள். சிலவற்றை ஒன்றும் செய்யாமல் ஒப்பீட்டுக்காக விட்டார்கள். ஆறு ஆண்டுகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள்.

குஞ்சு விட்ட ஏரிகளில் மீன்வளம் கூடவில்லை. மரக்கட்டு போட்ட ஏரிகளில் சிலவற்றில் பலன் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஆழமற்ற கரையை உருவாக்கிய ஏரிகளில்தான் மீன், குறிப்பாக இளமீன், தெளிவாகப் பெருகியது. வெயில் படும் ஆழமற்ற நீரில் செடி முளைக்கிறது, பூச்சி பெருகுகிறது, முட்டை பொரிகிறது. மரம் தருகிற எல்லாவற்றையும் கரை தானாகவே தருகிறது, ஆண்டுதோறும், யாரும் படகில் கொண்டுபோய்க் கொட்டாமலே.

இதை வைத்து மரம் போடுவதை நிறுத்தச் சொல்வது தவறு. ஹவாசு போன்ற பாலைவன நீர்த்தேக்கத்தில் கரையை மாற்றியமைப்பது எளிதல்ல. அங்கே மரக்கட்டுதான் வழி. நீர்மட்டம் இருபதடி ஏறி இறங்கும் அணையில் ஆழமற்ற கரை என்ற ஒன்று நிலையாக இருக்கவே முடியாது. ஆனால் இயற்கை ஏரிகள் மிகுந்த விஸ்கான்சின், மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களில் கரையைக் காப்பதுதான் முதல் வேலை. விஸ்கான்சின் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே ‘ஃபிஷ் ஸ்டிக்ஸ்’ என்ற திட்டத்தில், முழு மரங்களைக் கரையோரத்தில் அடிப்பகுதி நிலத்திலும் கிளைப்பகுதி நீரிலுமாகக் கிடத்திக் கம்பிவடத்தால் கரையோடு பிணைக்கிறார்கள். காற்றில் சாய்ந்த மரம் எப்படிக் கிடக்குமோ அப்படி. கரைவீட்டுக்காரருக்கு மாநிலம் சிறு மானியமும் தருகிறது. அதற்கான மரத்தைக் கரையோரத்திலிருந்தே வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. தன் வீட்டு முன்னால் சாய்ந்த மரத்தை எடுத்துவிட்டு, அரசு மானியத்தில் வேறு மரத்தைப் போட்டுக்கொள்ளும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த மரத்தை எடுக்கவே அனுமதி தேவை என்ற விதி வந்தால் பணமும் மிச்சம், மீனும் மிச்சம்.

லூசியானாவில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு இன்னொரு வேலை தருகிறார்கள். அரித்துப்போகும் கடலோரச் சதுப்பு நிலத்தில் மரக்கட்டுகளை வேலியாக அடுக்கி அலையின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் அருகே பாயூ சாவேஜ் சரணாலயத்தில் தேசியக் காவல்படை ஹெலிகாப்டரே மரக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் இறக்குகிறது. அங்கும் மரம் ஒரு தற்காலிக முட்டுதான். மிசிசிப்பி ஆற்றின் வண்டல் கரைகளால் தடுக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விடுவதுதான் மூல நோய்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் கிறிஸ்துமஸ் மரத்தை ஏரியில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க ஏரிகளில் பிடிப்பு தூண்டிலால் நடக்கிறது. மேட்டூரிலும் பவானிசாகரிலும் பரிசலில் போகும் மீனவர் செவுள்வலை விரிக்கிறார். நீருக்கடியில் கிளைக்கட்டு இருந்தால் வலை சிக்கிக் கிழியும். ஒரு வலையின் இழப்பு அவருக்குப் பல நாள் கூலி. திருவனந்தபுரம் கடலோரத்து மீனவர்கள் 1980களில் தாங்களே செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கியதற்குப் பின்னால், இழுவைப்படகின் வலையைத் தடுக்கும் எண்ணமும் இருந்தது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில் கான்கிரீட் பார்கள் போடப்பட்டு வருகின்றன. யாருடைய வலை சிக்குகிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும்.

நமக்கு நேராக உதவுவது ஜெர்மானிய ஆய்வு எழுப்பும் கேள்விதான். நம் ஏரிகளிலும் அணைகளிலும் மீன்வளம் என்றாலே கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவது என்றாகிவிட்டது. எத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்பதுதான் சாதனைக் கணக்கு. சரளைக் குழியின் முடிவை அப்படியே நம் கண்மாய்க்குப் பொருத்த முடியாது. வெப்பமும் மீனும் நீர் நிற்கும் காலமும் வேறு. ஆனாலும் குஞ்சு விட்ட கண்மாயையும் கரையைக் காத்த கண்மாயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட நம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஒப்பிடக் களமும் இருக்கிறது. 1980களில் சுவீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளின் உட்பகுதியில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். மழைக்காலத்தில் அந்தக் கருவேலம் இடுப்பளவு நீரில் நிற்கும். வேட்டங்குடியிலும் சித்திரங்குடியிலும் கருவேல மரத்தில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. மேலே பறவை, கீழே அதன் எச்சம் விழுந்து உரமேறிய நீர், நீருக்குள் கிளையும் அடிமரமும். மீனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த மரங்களை ஏலம் விடும்போது அடியோடு மொத்தமாக வெட்டிவிடுகிறோம். தூர்வாரும்போது கரைச் சரிவை இயந்திரத்தால் செங்குத்தாகச் சீவி, ஆழமற்ற விளிம்பு ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிடுகிறோம். மண் எவ்வளவு எடுத்தோம் என்பதற்கு ரசீது இருக்கிறது. எவ்வளவு சரிவை விட்டோம் என்பதற்குக் கணக்கே இல்லை. தூர்வாரும் மதிப்பீட்டில் உள்விளிம்பின் ஒரு பகுதியைச் சரிவாகவே விடவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதும், கருவேல ஏலத்தில் ஒரு பகுதி மரங்களை நிற்கவிட வேண்டும் என்று நிபந்தனை போடுவதும், மீன்பாசிக் குத்தகைப் பத்திரத்தில் அந்தப் பகுதியில் வலை இறக்கக் கூடாது என்று எழுதுவதும் நீர்வளத் துறையும் வனத்துறையும் ஊராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். சீமைக் கருவேலத்தை அகற்றும் ஆர்வத்தில் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடாமல் களத்தில் ஒருவர் நின்று அடையாளம் காட்டவும் வேண்டும். அடுத்த தூர்வாரும் பருவம் தொடங்குவதற்கு முன்பே, மாவட்டத்துக்கு ஒரு கண்மாயிலாவது இதைச் செய்து பார்க்கலாம்.